அரைக் கரண்டி ரத்தம்

இவனுடைய ரத்தம் அரைக் கரண்டி கிடைத்தால் போதும். அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். கையைத்தான் இப்படி என் முன்னால் போட்டு வைத்திருக்கிறானே, சாப்பிடும்போதே குத்தி எடுத்துவிடலாம். வலிக்கிறது என்று அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வேலை முடிந்திருக்கும்.

கலைமதி அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியழகன் அவள் வீட்டுச் சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கேழ்வரகுக் களியை விரலால் கிள்ளிக் கீரைக்குழம்பில் ஒருமுறை புரட்டி, மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தான். இடது கை முழங்காலின் மேல் கிடந்தது. புறங்கையில் தொடங்கிய நரம்பு பச்சையாகப் புடைத்து முழங்கை மடிப்பு வரை ஏறியிருந்தது. எந்த நர்சும் தட்டித் தேட வேண்டாத நரம்பு. அவளுக்கு ரத்தம் எடுத்தபோது இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள்.

"இன்னொரு உருண்டை வெக்கட்டுமாண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

"போதும். ஞாயித்துக்கெழம வர்ற இல்ல?"

"வரேன்னு சொன்னனே."

"வந்தா மட்டும் பத்தாது பாப்பா." அவன் சொம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடித்தான். "அந்தம்மா கேக்கறதுக்கு நீதான் பதில் சொல்லணும்."

மதியழகனுக்கு ஒரே மகள் காவியா. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் பொருந்தி வந்து, ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளை அருண்குமாரின் அம்மா தீர்த்தம்மாள் தரகரிடம் ஒரு கேள்வியையும் சொல்லி அனுப்பியிருந்தாள். பெண்ணின் சின்ன அத்தை புற்றுநோயில் போய்விட்டதாமே, அது பரம்பரையாக வருவதா? பெரிய அத்தை அரூர் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பெண்களுக்கு அந்தப் பாடத்தைத்தான் நடத்துகிறாராமே. அவர் வாயால் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டர் வேண்டாம், சீட்டு வேண்டாம், பூவை வைத்துவிட்டுப் போகிறோம்.

"இல்லன்னு சொல்லணும். அவ்ளோதான்," என்றான் மதியழகன்.

"நீ ஒரு டெஸ்ட்டு குடுண்ணா. உனக்கு இல்லன்னா காவியாவுக்கு நம்ம வழியில வரவே வராது. ஊருக்கே கேக்கற மாதிரி நானே சொல்றேன், இல்லன்னு."

"மறுபடியும் ஆரம்பிக்காத. ஆம்பளைக்கு எதுக்குடி மாரு டெஸ்ட்டு?"

"மாரு டெஸ்ட்டு இல்லண்ணா. ரத்தம். வெறும் ரத்தம்."

"ரத்தம் நல்லாத்தான் ஓடுது. பாக்கறியா?" கையை மடக்கி நரம்பைக் காட்டிச் சிரித்தான். அவன் சிரிக்கும்போது அப்பாவைப் போலவே இருந்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இந்தப் பேச்சு அவர்களுக்குள் புதிதல்ல. தங்கை அன்பரசி இறந்த நாளிலிருந்து, காரியத்துக்கு வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதும், போனிலும், அவன் கிணற்று மேட்டிலும் இதே வாக்கியங்கள் இதே வரிசையில் வந்து, ஆம்பளைக்கு எதுக்குடி என்ற இடத்தில் முட்டி நின்றிருக்கின்றன. ஒரு வகுப்பு நிறையப் பெண்களுக்கு ஒரே பீரியடில் புரிய வைக்க முடிகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒற்றை மனிதனிடம் முடியவில்லை. அவனுக்குப் புரியவில்லையா, புரிந்ததால்தான் இப்படியா என்றே அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. புரியாதவனிடம் வரும் எரிச்சல் வேறு, புரிந்துகொண்டு தலையைத் திருப்பிக்கொள்கிறவனிடம் வரும் எரிச்சல் வேறு. இரண்டும் சேர்ந்து அவளைத் தின்றன.

வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பி மார்பு, கழுத்து, காது மடல் என்று ஏறியது. எழுந்துபோய் ஃபேனைக் கூட்டிவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். போன கோடை விடுமுறையில் முன்னெச்சரிக்கையாகச் சூலகம் இரண்டையும் எடுத்த பிறகு இப்படித்தான். மாதவிடாய் ஒரே நாளில் நின்று, உடம்பு நேரம் காலம் இல்லாமல் கொதிக்கிறது. வகுப்பில் வந்தால் மிஸ் கோபமாக இருக்கிறார் என்று பெண்கள் அடங்கிப் போகிறார்கள். ஆசிரியர் அறையில் கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லிவைத்திருக்கிறாள். அவளும் முழுதாக உண்மை பேசுகிறவள் அல்ல. அதை மறந்துவிடக்கூடாது என்று அடிக்கடி தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

இந்த நோயைத் தடுக்க வேண்டிய புரதத்தைப் பற்றி அவள் வருடம் தவறாமல் பாடம் நடத்துகிறாள். புத்தகத்தில் அதன் வகைக்குப் பெயர் 'கட்டி அடக்கி'. அந்தச் சொல்லைப் பலகையில் எழுதியதும் பின்வரிசை சிரிக்கும். "எங்க வூட்ல எங்கண்ணன்தான் மிஸ் அடக்கி," என்று ஒருத்தி சொன்னாள். அன்றைக்குக் கலைமதியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது அதற்குள்ளிருக்கும் மரபு இழை எங்காவது அறுந்துபோகும். அறுந்த இடத்துக்கு இந்தப் புரதம் போய் நிற்கும். மற்றவர்களைக் கூப்பிட்டு முடிச்சுப் போடும். முடிச்சு விழும்வரை செல்லைப் பிரிய விடாது. போடவே முடியாத முடிச்சு என்றால் அந்தச் செல்லைச் செத்துப்போகச் சொல்லும். இது இப்போது, நீங்கள் இந்த பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது. அதைச் செய்ய ஆள் குறைந்தால்தான் அறுந்தது அறுந்தபடியே பெருகும். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஒரு காரியம் நடக்காமல் இருப்பதற்காக ஆயுள் முழுக்க நடக்கிற வேலை அது. நடக்காமல் போனதை யார் கண்டார்கள்? யார் அதற்கு நன்றி சொல்வார்கள்?

சென்னை ஆஸ்பத்திரியில் அன்பரசிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவில் பிழை என்றார்கள். ஆலோசனை சொன்ன இளம்பெண் அதைப் 'பிராக்கா' என்றாள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, எலும்பாக உட்கார்ந்திருந்த அன்பரசிக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்தது. "பராக்கா? சரியாத்தான் பேரு வெச்சிருக்காங்கக்கா. காவலுக்கு நில்லுன்னா, பராக்குப் பாத்துக்கிட்டு நின்னிருக்குது," என்று சொல்லி அவள் சிரித்த சிரிப்பில் அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் அது பராக்குதான். கலைமதி தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்து, முடிவைப் போனில் சொன்னபோது அன்பரசி கேட்டதும் அதையே. "உனக்கும் பராக்காக்கா?"

"உனக்கு எத்தன மோட்டரு ஓடுது?" என்று கலைமதி அண்ணனைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"சொல்லேன்."

"கெணத்துல ஒண்ணு, போர்ல ஒண்ணு."

"ஒண்ணு காயில் போயிருச்சின்னா?"

"இன்னொண்ணு ஓடும்."

"தொட்டியில தண்ணி வுழுந்துக்கிட்டேதான் இருக்கும். பாக்கறவங்க ரெண்டும் ஓடுதுன்னு நெனச்சிக்குவாங்க. இந்த ஜீனும் ஆளுக்கு ரெண்டு. அப்பாவுக்கு அப்படித்தான்ணா ஓடிச்சி. கடைசிவரைக்கும் ஒத்த மோட்டர்லயே ஓட்டிட்டாரு, அவருக்கே தெரியாது. கெட்டுப்போனத எனக்கும் அன்புக்கும் குடுத்துட்டுப் போயிட்டாரு. உனக்கு எதக் குடுத்தாருன்னு பாக்கலாங்கறேன்."

"எனக்கு நெலத்தக் குடுத்தாரு. உனக்கு அதுல இன்னும் கோவமா?"

அவன் பேச்சைத் திருப்புகிற விதம் அவளுக்குத் தெரியும். விடக்கூடாது என்று நினைத்தாள். அவன் மரவள்ளி போடுகிறவன். நடுவதற்குக் குச்சி வெட்டும்போது தோட்டம் முழுக்க நடந்து, இலையில் தேமல் விழுந்த செடியைத் தொடாமல் ஒதுக்கிவிடுவான். அந்தச் செடியின் குச்சியை நட்டால் அடுத்த வருடமும் தேமல்தான்.

"தேமல் புடிச்ச செடியில குச்சி வெட்டுவியா நீ?"

"மாட்டேன்."

"ஏன்? செடி நல்லாத்தான நிக்குது. கெழங்கு வெக்குது."

மதியழகன் கையைத் தட்டிலேயே கழுவினான். அவசரமில்லாமல் ஒவ்வொரு விரலாகக் கழுவிவிட்டுச் சொன்னான். "செடிக்கு மானம் இருக்குதா பாப்பா? தேமல்னு தெரிஞ்சா புடுங்கிப் போட்டுட்டு வேற குச்சி நட்டுருவேன். பொண்ணுக்குத் தேமல்னு தெரிஞ்சா என்னா பண்றது? சொல்லு. நீதான் படிச்சவளாச்சே."

அவளிடம் பதில் இருந்தது. ஸ்கேன் எடுக்கலாம், முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம், எடுக்க வேண்டியதை எடுக்கலாம், நான் எடுத்துக்கொண்டு உன் முன்னால் உட்கார்ந்திருக்கவில்லையா. ஆனால் அவன் கேட்டது அதை அல்ல.

"அதுவுமில்லாம நான் கேட்டுட்டேன்," என்றான்.

"யார?"

"சாமிய. பூ கேட்டாச்சி. வலது பக்கந்தான் வுழுந்துச்சி."

அவர்கள் குலக்கோயிலில் அப்படித்தான். எதைத் தொடங்குவதென்றாலும் பூசாரி சிலையின் இரண்டு தோளிலும் நனைத்த பூவை ஒட்டவைப்பார். மனதில் நினைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வலது பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் நல்லது, இடது பக்கம் விழுந்தால் இல்லை. போர் போடுவதற்கும் மாடு வாங்குவதற்கும் கேட்பார்கள். மகளின் செல்லுக்குள் இருக்கும் இழையைப் பற்றி அங்கே போய்க் கேட்டிருக்கிறான். கலைமதிக்குத் தட்டை எடுத்து எறிய வேண்டும் போலிருந்தது. அடுத்த கணமே வேறொன்று தோன்றியது. தகப்பனுக்கு இருந்தால் மகளுக்கு வருவது பாதிக்குப் பாதி. பூ வலதில் விழுவதும் பாதிக்குப் பாதி. சாமியிடம் கேட்டாலும் ரத்தத்திடம் கேட்டாலும் கணக்கு ஒன்றுதான். ஆனால் பூ சொன்னது பிடிக்கவில்லை என்றால் இன்னொரு பூவை நனைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் கணவன் முருகேஷும் வண்டியில் நல்லம்பள்ளிப் பக்கம் அண்ணன் ஊருக்குப் போனார்கள். ஊருக்குள் நுழையும் இடத்தில் முருகேஷ், "நீ தலவலின்னு உள்ளாறயே இருந்துக்க. நான் பேசி சமாளிச்சிக்கறேன்," என்றான். நல்ல மனிதன். அவளுடைய ஆபரேஷனுக்கு ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாதவன். அவனுக்கும்கூட உண்மை என்பது உள்ளறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிடக்கூடிய ஒன்றாகத்தான் இருந்தது.

வாசலில் பந்தல் துணி கட்டியிருந்தார்கள். கலைமதி பின்பக்கமாகச் சமையலறைக்குப் போனாள். அண்ணி சசிகலா கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"வா கலை. நீ வர்றியோ இல்லையோன்னு உங்கண்ணன் வெடியறதுக்கு முந்தியே ஏந்திரிச்சி உக்காந்துக்கிட்டாரு. பொண்ணு பாக்க வர்றது உன்னியா, காவியாவையான்னு நான் கேட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. அண்ணி கரண்டியை நிறுத்தாமல், வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பூ கேட்டத சொன்னாரா?"

"சொன்னாரு. வலது பக்கம் வுழுந்துச்சாம்."

"வலது பக்கம்." அண்ணி அந்த வார்த்தையை வாயில் வைத்துப் பார்ப்பது போலச் சொன்னாள். "மொதல்ல நானுந்தான் கூடப் போனேன். இடது பக்கம் வுழுந்துச்சி. ஈரம் பத்தலன்னு மறுபடியும் வெக்கச் சொன்னாரு. அப்பவும் இடது. பூசாரி, இன்னிக்கி வேணாங்க, இன்னொரு நாளிக்கி வாங்கன்னாரு. அப்பறம் வேற கோயிலு. அங்கயும் நின்னோம், நின்னோம், ரெண்டு பூவும் வுழுவவே இல்ல. அதுக்கப்பறம் நான் போவல. அவரு மட்டும் தனியா எங்கியோ போயிட்டு வந்து வலது பக்கம் வுழுந்துச்சின்னாரு. நெசமா வுழுந்துச்சான்னு நான் கேக்கல கலை. கேட்டா சொல்லிருவாரோன்னு பயம்."

கலைமதி அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டாள். இவ்வளவு நாளும் அவன் தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்திருந்தாள். அவன் கோயில் கோயிலாகப் போய் நின்றிருக்கிறான். ஈரப் பூ ஒரு கல்தோளிலிருந்து நழுவுவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கும் அண்ணனை அவளால் பார்க்க முடிந்தது. அது அவள் கோபத்தைக் குறைக்கவில்லை. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் செய்தது, அவ்வளவுதான். இவ்வளவு பயந்தவன் கையை ஒருமுறை நீட்டியிருக்கலாமே.

"அவரு ரத்தம் குடுத்தா, காவியாவுக்கு இல்லன்னு தெரிஞ்சிருமா?" என்று அண்ணி கேட்டாள்.

"அண்ணனுக்கு இல்லன்னா தெரிஞ்சிரும்."

"இருந்தா?"

"காவியாவுக்குப் பாக்கணும். வந்திருக்கலாம், வராமயும் இருக்கலாம்."

ரவையில் கருகல் வாடை வந்தது. அண்ணி அடுப்பை அணைத்தாள். "அப்ப இன்னிக்கி வேணாம் கலை," என்றாள். "ஒரு நாளு. இன்னிக்கி ஒரு நாளு மட்டும் இல்லன்னு சொல்லிரு. உனக்குக் கை எடுத்துக் கும்படறேன்." உண்மையிலேயே கும்பிட்டாள். கரண்டி இன்னும் கைக்குள் இருந்தது.

உள்ளறையில் காவியா கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். கிளிப்பச்சைப் பட்டு. பின்னல் பாதியில் நின்றிருந்தது. "அத்த, கதவச் சாத்துங்க," என்றாள். கலைமதி சாத்திவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கினாள். அடர்த்தியான முடி. அன்பரசிக்கு இப்படித்தான் இருந்தது.

"பிராக்காதான?" என்றாள் காவியா.

கலைமதியின் விரல்கள் நின்றன.

"சின்னத்த செத்த வருசமே நெட்ல படிச்சிட்டேன். நீங்க லீவுல ஆபரேசன் பண்ணிக்கிட்டதும் எதுக்குன்னு தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"உங்கப்பாரு கல்யாணம் முடியறவரைக்கும் சொல்லாதன்னாரு."

"அப்பா சொன்னா நீங்க கேப்பீங்களா?"

அதில் குத்தல் இருந்ததா என்று கண்ணாடியில் பார்த்தாள். இல்லை. வெறும் கேள்வி. அதனால்தான் அதிகம் வலித்தது. கோவையில் படிக்கும் தன் மகனிடம், அவனுக்கு வயது வந்ததும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள். அவன், "சரிம்மா, அப்பறம் பாத்துக்கலாம்," என்று போனைப் பார்க்கப் போய்விட்டான். இந்தப் பெண்ணிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அண்ணன் உறவு அறுந்திருக்கும். அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

"டெஸ்ட்டு குடுக்கறியா கண்ணு?"

"குடுப்பேன். எப்பன்னு நானே முடிவு பண்ணிக்கறேன். ஆனா இன்னிக்கி நீங்க இல்லன்னு சொல்லிருங்கத்த. எனக்கு அருண ரொம்பப் புடிச்சிருக்கு."

"அருணுக்குத் தெரியுமா?"

காவியா புடவை மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள். நீவுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. "சொல்லலாம்னு நெதமும் போன எடுப்பேன். சாப்டியான்னு கேட்டுட்டு வெச்சிருவேன்."

கலைமதி பின்னலை முடித்து, நுனியில் ரப்பர் பேண்டைச் சுற்றினாள். அந்த முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் போலிருந்தது. நிற்கவில்லை.

இல்லை என்று சொல்வது அவர்கள் வீட்டில் எவ்வளவு எளிதாக இருந்தது என்று அவளுக்கு நினைவு வந்தது. அப்பாவின் அக்கா சூலகப் புற்றில் வயிறு வீங்கிச் செத்தபோது, அது மஞ்சள் காமாலை என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். வீட்டில் பெண் பிள்ளைகள் இருந்தார்கள், அதனால் சொன்னார். அவர்களும் அதையே நம்பி வளர்ந்தார்கள். அன்பரசி இரண்டாவது குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது மார்பில் கட்டி தெரிந்து டவுன் டாக்டரிடம் போனாள். குடும்பத்துல யாருக்காவது புத்துநோய் இருந்திருக்குதாம்மா? இல்லீங்க டாக்டர். அப்ப பால் கட்டியாத்தான் இருக்கும், பால் நிறுத்தினதும் வாங்க. அந்த அறையில் அன்பரசி பொய் சொல்லவில்லை. அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். பால் நிறுத்திவிட்டுப் போனபோது கட்டி அக்குள் வரை போயிருந்தது.

அதற்காக இப்போது இருக்கிறது என்று சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. காவியாவின் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும், நடுக்கூடத்தில் ஜமக்காளத்தின் மேல் அதை விரித்துப் போட அவள் யார்? அந்தப் பெண்ணே இன்னும் சாப்டியா என்பதைத் தாண்டி வராதபோது. யாரும் அவளிடம் கேட்காமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது.

தீர்த்தம்மாளை ஒரு கடுமையான பெண்ணாக அவள் கற்பனை செய்து வைத்திருந்தாள். வந்தவள் குள்ளமாக, வெயிலில் கறுத்து, வாசலில் செருப்பை விட்டதும் அதை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு வந்தாள். தன் கொல்லையில் பறித்த குண்டுமல்லியைத் தானே கட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். "கடப்பூவு வேணாம்னுட்டேங்க. மருந்தடிக்கறானுங்க," என்றாள். அருண்குமார் அவள் பின்னால் வந்து, யாரையும் பார்க்காமல், பார்க்காததுபோல எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். காபி வந்தது. மழை இல்லாததைப் பேசினார்கள், மரவள்ளி விலையைப் பேசினார்கள். மதியழகன் தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்தான்.

காவியாவைக் கொண்டுவந்து மணையில் உட்காரவைத்தார்கள். தீர்த்தம்மாள் எழுந்து போய் அவள் எதிரே மண்டியிட்டு, முகத்தைத் தாடையில் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள். "நல்லாருக்கற கண்ணு," என்றாள். மோதிர விரலைக் குங்குமச் சிமிழில் தொட்டாள். தொட்ட விரலை எடுத்துக்கொண்டு, காவியாவின் நெற்றிக்குப் போகாமல், கலைமதியின் பக்கம் திரும்பினாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். எம் பையன் இதெல்லாம் கேக்காதம்மான்னுதான் சொன்னான். எங்க வூட்டுல நோவுன்னு ஒருத்தரப் படுக்க வெச்சிப் பாத்தவ நான். எங்க வூட்டுக்காரரு. இன்னொருக்கா என்னால முடியாதுங்க, தெம்பு இல்ல. அதான் கேக்கறேன். வேற ஒண்ணுமில்ல. இது பரம்பரையா வர்றது இல்லன்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா சரி."

முருகேஷ் தொண்டையைச் செருமினான். சமையலறை வாசலில் அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மதியழகன் கலைமதியைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான், பள்ளிக்கூடத்தில் அடிக்குப் பயந்து உட்காரும் பிள்ளைபோல. காவியாவின் தலை குனிந்தே இருந்தது. வகிட்டின் வெள்ளைக் கோடு நேராக இருந்தது.

சூடு வயிற்றிலிருந்து கிளம்புவது கலைமதிக்குத் தெரிந்தது. அது ஏறி முடியும்வரை காத்திருந்தாள். வகுப்பில் பேசும் குரலில் பேசிவிடக்கூடாது என்று நினைத்தாள். இந்தம்மாவும் பயத்தில்தான் கேட்கிறாள். எல்லோரும் பயத்தில்தான் கேட்கிறார்கள். இந்தக் கூடத்தில் கெட்டவர் என்று ஒருவர்கூட இல்லை. அதுதான் ஆத்திரமாக இருந்தது.

"நான் சொல்ல மாட்டேங்க," என்றாள்.

தீர்த்தம்மாளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. "என்னாங்க டீச்சர்?"

"எனக்குத் தெரியாதத இல்லன்னு நான் சொல்ல மாட்டேங்கம்மா."

அண்ணனின் தலை மெல்ல நிமிர்ந்தது. அருண்குமார் முதல்முறையாகக் காவியாவை நேராகப் பார்த்தான். காவியாவும் தலையைத் தூக்கினாள். யாரைப் பார்க்கத் தூக்கினாள் என்று கலைமதியால் சொல்ல முடியவில்லை.

தீர்த்தம்மாள் மண்டியிட்டபடியே இருந்தாள். அவள் மோதிர விரலின் நுனியில் குங்குமம் அப்படியே இருந்தது. அதை நெற்றியில் வைக்கவும் இல்லை, சிமிழுக்குள் தட்டவும் இல்லை, புடவையில் துடைக்கவும் மனம் வரவில்லை. எங்கும் பட்டுவிடாமல், அந்த ஒரு விரலை மட்டும் மற்ற விரல்களிலிருந்து பிரித்துக் காற்றில் பிடித்துக்கொண்டிருந்தாள்.